குழாயின் வாய் எந்தப் பக்கம்?



மோட்டார் காரின் சைலன்சர் குழாயைப் பற்றி எழுத மௌலவி ஒருவருக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு அறபு இலக்கணம் கற்றுக்கொடுக்கும் எனக்கும் அந்தக் குழாய்க்கும் ஒரு காலத்தில் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. ஆனால் ஒரு மாலைப் பொழுதில் அந்தக் குழாய் எங்கள் வீட்டார் நால்வரின் உயிரோடு விளையாடிவிட்டது. அப்போது நான் சொன்ன ஒரு வார்த்தை இன்றும் என் மனதை உறுத்துகிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டு றமழானில் தராவீஹ் தொழுவிப்பதற்காக இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குப் போயிருந்தேன். என் மூத்த ராத்தா அங்கே மகனோடு இருக்கிறார். பல வருடங்களுக்குப் பிறகு ராத்தாவின் கையால் நோன்புக் கஞ்சி குடிக்கும் பாக்கியம் கிடைத்தது. வீட்டில் ராத்தா, மருமகன், அவருடைய மனைவி, ஐந்து வயதுப் பேத்தி ஆகிய நால்வர்தான். ஐந்தாவதாக இன்னொன்றும் இருந்தது. அது கராஜில் நின்ற கார்.

கார் என்றால் கடையில் வாங்கிய கார் அல்ல. மருமகன் தன் கையாலேயே செய்துகொண்டிருந்த கார். இதைக் கேட்டு நான் முதலில் சிரித்துவிட்டேன். வீட்டில் கதிரை செய்வார்கள், அலுமாரி செய்வார்கள், காரும் செய்வார்களா? அந்த நாட்டில் செய்கிறார்கள். கொலின் செப்மன் என்பவர் 1957இல் லோட்டஸ் செவன் என்ற சிறிய, கூரையில்லாத காரை வெளியிட்டார். முழுக்காராக வாங்கினால் கொள்வனவு வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் அந்த வரி இல்லை. ஆகவே பலரும் பெட்டிகளில் வந்த பாகங்களை வீட்டிலே பூட்டினார்கள். 1973இல் அந்தக் காரைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. 1996இல் ரொன் செம்பியன் என்பவர் 250 பவுணுக்குள் இப்படியொரு காரை நீங்களே செய்யலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். ஓரங்குலச் சதுர இரும்புக் குழாய்களை வெட்டி ஒட்டி ஒரு கூடு, பழைய கார் ஒன்றின் எஞ்சின், நான்கு சில்லுகள். அதிலிருந்து அங்கே எத்தனையோ வீட்டுக் கராஜ்களில் இந்த வேலை நடக்கிறது.

மருமகனும் பழைய மஸ்டா ஒன்றை உடைத்து அதன் எஞ்சினை எடுத்திருந்தார். இரண்டு வருட உழைப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது சைலன்சர் வேலை நடந்துகொண்டிருந்தது.

அந்த எஞ்சினில் புகை இடப்பக்கமாக வெளியே வருகிறது. அங்கிருந்து குழாயைக் காரின் இடது விலாவோடு கொண்டுபோய், பின்சில்லுக்குச் சற்று முன்னால் முடித்துவிடுவது எல்லாவற்றிலும் இலேசான வழி. குழாய் குறைவு, பாரம் குறைவு, செலவும் குறைவு. பழைய ஓட்டப் பந்தயக் கார்களின் தோற்றமும் வந்துவிடும். "சத்தத்தைக் கேட்டுப் பாருங்க மாமா" என்று மருமகன் பெருமையோடு சொன்னார். எனக்கு அது பழுதடைந்த உழவு இயந்திரத்தின் சத்தம் போலத்தான் கேட்டது. சொல்லவில்லை.

ராத்தாவுக்கு அந்தக் குழாய் முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. "புள்ள ஏறி இறங்கும்போது கால்ல பட்டா கால் வெந்துபோகுமே மகன்" என்றார். அது வீண் பயமல்ல. விலாவில் குழாயுள்ள இத்தகைய கார்களில் இறங்கும்போது கெண்டைக்காலைச் சுட்டுக்கொள்வது சாதாரணமாக நடப்பதுதான். மருமகன் துளையிட்ட தகடு ஒன்றைக் குழாய்க்கு மேல் பூட்டினார். "புகையும் இந்தப் பக்கமாத்தானே வருது" என்றார் ராத்தா மறுபடியும். "திறந்த கார் உம்மா, காத்துல போயிடும்" என்றார் மகன். அத்தோடு பேச்சு முடிந்தது. நானும் அந்த இடத்தில்தான் இருந்தேன். வீட்டுப் பெண்களுக்கு இதெல்லாம் விளங்காது என்ற எண்ணம் எனக்குள்ளும் இருந்ததை மறைக்க மாட்டேன்.

அது றமழானின் மூன்றாவது கிழமை, ஒரு சனிக்கிழமை. வெளியே குளிரும் தூறலுமாக இருந்தது. அஸருக்குப் பிறகு மருமகன் எஞ்சினை இயக்கி ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்தார். அயலவருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று கராஜின் முன்கதவை ஓரடி அளவுக்கு மட்டும் தூக்கி வைத்திருந்தார். புகை போக அது போதும் என்பது அவருடைய கணக்கு. சூடான புகை மேலே எழும்பும், கீழே உள்ள இடைவெளியைத் தேடிப் போகாது என்பதை அவர் நினைக்கவில்லை.

கராஜிலிருந்து குசினிக்கு ஓர் உட்கதவு உண்டு. வேலைக்கான விளக்கின் வயர் அந்தக் கதவின் வழியாகப் போனதால் அது முழுதாக மூடப்படாமல் நான்கு விரற்கடை திறந்திருந்தது. கார் நின்ற நிலையில் சைலன்சரின் வாய் சரியாக அந்தக் கதவுக்கு நேரே இருந்தது. ஒருவரும் வேண்டுமென்று அப்படி வைக்கவில்லை. குழாயை அந்த இடத்தில் முடித்தபோது கார் எங்கே நிற்கும், அதற்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

குசினியில் ராத்தாவும் மருமகளும் இப்தாருக்குச் சமோசா பொரித்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சி கொதித்தது. நான் மேசையில் இருந்து ஓதிக்கொண்டிருந்தேன். பேத்தி என் காலடியில் படம் கீறிக்கொண்டிருந்தாள். இலேசாகப் பெற்றோல் வாடை இருந்தது. இரண்டு கிழமையாக அந்த வீட்டில் அந்த வாடை பழகிப்போயிருந்தது. பொரிக்கும் எண்ணெய் மணத்தில் அது பெரிதாகத் தெரியவுமில்லை.

ஆறு மணிக்குப் பிறகு ராத்தா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, தலை இடிச்சு உடையப்போகுது" என்றார். எனக்கும் தலை கனத்துத்தான் இருந்தது. நோன்பின் அந்தி நேரம், தேநீர் குடிக்காத தலையிடி என்று எண்ணிக்கொண்டேன். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"கொஞ்சம் பொறுங்க ராத்தா. இன்னும் ஒரு மணித்தியாலம் சொச்சம்தானே. பொறுமைக்குத்தான் கூலி."

ராத்தா பொறுத்துக்கொண்டார். தம்பி மௌலவி சொன்னால் அவர் மறுபேச்சுப் பேச மாட்டார். கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் ஓதுதலைத் தொடர்ந்தேன். ஒரே வரியை மூன்று முறை ஓதியும் அடுத்த வரிக்குக் கண் போகவில்லை. அதையும் நோன்புக் களைப்பு என்றே நினைத்தேன்.

எங்களைக் காப்பாற்றியவர் அல்லாஹ்வின் உதவியால் மருமகள்தான். பேத்தி படம் கீறுவதை விட்டுவிட்டுத் தரையில் சுருண்டு படுத்தாள். "உம்மா, தலை நோகுது" என்றாள். எழுந்தவள் அந்த இடத்திலேயே வாந்தியெடுத்தாள். மருமகள் பிள்ளையைத் தூக்கியவாறு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"மாமா, எங்களுக்கு நோன்பு. இவள் பகலைக்குச் சோறு தின்ட புள்ள. இவளுக்கு ஏன் தலை நோகுது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கராஜ் கதவைப் பார்த்தார். அடுத்த நிமிடம் "எஞ்சினை நிப்பாட்டுங்க!" என்று கத்தினார். பின்கதவைத் திறந்து பிள்ளையோடு தூறலுக்குள் ஓடினார். நான் ராத்தாவை எழுப்பினேன். அவருடைய கால்கள் அவருக்குக் கட்டுப்படவில்லை. மருமகனும் நானும் இரு பக்கமும் பிடித்துத்தான் வெளியே கொண்டுவந்தோம். மருமகன் திறந்த பக்கத்துக்குக் கிட்ட நின்றதால் அவருக்குப் பாதிப்புக் குறைவு. குழாயைச் செய்தவரைவிடக் குழாயின் வாய்க்கு நேரே இருந்தவர்களுக்குத்தான் அதிகம் பட்டது.

ஆஸ்பத்திரியில் முதலில் விரல் நுனியில் மாட்டும் கருவியைப் பொருத்தினார்கள். கொரோனாக் காலத்தில் நாம் எல்லோரும் பழகிய அதே கருவி. ராத்தாவுக்கு 98 என்று காட்டியது. "நல்லாத்தானே இருக்கு" என்றேன். அங்கிருந்த பெண் டொக்டர் தலையசைத்தார். இந்த விடயத்தில் அந்தக் கருவியை நம்ப முடியாது என்று சொல்லி இரத்தம் எடுத்துச் சோதித்தார். பிறகு எங்களுக்கு விளங்கும்படி சொன்னார்.

சைலன்சர் புகையில் காபன் மொனொக்சைட் என்ற வாயு இருக்கிறது. நமது பாடசாலைப் புத்தகங்களில் காபனோரொட்சைட்டு என்று படித்திருப்பீர்கள். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நமக்கு வரும் வாடை புகையிலுள்ள மற்றப் பொருட்களின் வாடை. வாடை இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லை என்று எண்ணக்கூடாது. நமது இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் என்ற பொருளோடு இந்த வாயு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்சிசனுக்கு உரிய ஆசனத்தில் இது ஏறி அமர்ந்துவிட்டால் எளிதில் எழும்பாது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அது பாதியாகக் குறைய நான்கைந்து மணித்தியாலம் எடுக்கும். முகமூடி மூலம் தூய ஒட்சிசன் கொடுத்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் பாதியாகும். விரல் கருவிக்கோ ஆசனத்தில் ஆள் இருப்பதுதான் தெரியும், இருப்பது யார் என்று தெரியாது. அதனால்தான் 98 காட்டியது.

இதன் அடையாளங்கள் என்ன தெரியுமா? தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், சோர்வு. சகோதரிகளே, நோன்பாளி ஒருவரின் அந்தி நேரத்து முகத்தில் இவையெல்லாம் ஏற்கனவே இருப்பவைதாமே!

முகமூடியை மாட்டும்போது ராத்தா என் கையைப் பிடித்து, "தம்பி, இதால நோன்பு முறியுமா?" என்று கேட்டார். வெறும் காற்றால் நோன்பு முறியாது, நோயாளியான உங்களுக்கு நோன்பை விடவும் அனுமதி உண்டு என்றேன். அதைச் சொல்லும்போது என் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் அவருக்குப் பொறுமையைப் போதித்தவன் நான். யன்னலைத் திறக்க வேண்டிய நேரத்தில் பொறுமையைச் சொல்லியிருக்கிறேன். நீக்கக்கூடிய தீங்கை நீக்காமல் சகித்திருக்கச் சொல்வதற்குப் பொறுமை என்று பெயரல்ல. இருபது வருடமாக மாணவர்களுக்குக் கற்பித்தவன் அதை ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே படிக்க வேண்டியிருந்தது.

அல்ஹம்துலில்லாஹ், நள்ளிரவுக்கு முன் எல்லோரும் வீடு திரும்பினோம். அன்று தராவீஹ் தொழுவிக்க என்னால் போக முடியவில்லை.

மறுநாள் மருமகன் அந்தக் குழாயைக் கழற்றி மூலையில் போட்டார். காரையே விற்றுவிடப் போவதாகச் சொன்னார். ராத்தாதான் தடுத்தார். "கார் என்ன செய்யும்? வாயை மாத்து" என்றார்.

வாயை எங்கே மாற்றுவது என்பது நான் நினைத்ததைவிடப் பெரிய கேள்வியாக இருந்தது. இந்த முறை குசினி மேசையில் தாளை விரித்து எல்லோரும் இருந்து பேசினோம். அங்கும் நம் நாட்டைப் போல வாகனங்கள் இடப்பக்கமாகத்தான் ஓடுகின்றன. ஆகவே இடது விலாவில் முடியும் குழாய் நடைபாதையைப் பார்த்தே ஊதும். சிக்னலில் கார் நிற்கும்போது தள்ளுவண்டியில் படுத்திருக்கும் பிள்ளையின் மூக்குக்குக் கிட்டத்தான் அந்தப் புகை போகும். இதை எடுத்துச் சொன்னவரும் மருமகள்தான். அவர்தானே தள்ளுவண்டி தள்ளியவர்! காருக்குள் இடப்பக்கத்தில் இருக்கும் பயணியின் முழங்கைக்குக் கீழேயும் அதே வாய். திறந்த காரில் புகை காற்றோடு போய்விடும் என்பது எப்போதும் உண்மையல்ல.

பெருநாளுக்கு அடுத்த நாள் அதை என் கண்ணாலேயே பார்த்தேன். ராத்தாவின் பின்னல் நூலைச் சாண் அளவுக்கு வெட்டி, காரின் பின்பக்கமெங்கும் ஒட்டினோம். மருமகனின் நண்பர் ஒருவரின் பண்ணைக்குள் தனிப்பாதை உண்டு. இழுவை வண்டியில் காரை அங்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தோம். நானும் ஜுப்பாவைச் சுருட்டிக்கொண்டு ஏறி, பின்னால் திரும்பிப் பார்த்தபடி இருந்தேன். கார் முன்னால் ஓடும்போது நூலெல்லாம் பின்னால் பறக்கும் என்றுதான் நான் நினைத்தேன். விலாவில் ஒட்டியவை அப்படித்தான் பறந்தன. ஆனால் ஆசனத்துக்குப் பின்னால் ஒட்டிய நூல்கள் முன்னோக்கித் திரும்பி எங்கள் கழுத்தை நோக்கி ஆடின! ஓடும் வாகனத்துக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அந்த இடத்தை நிரப்பக் காற்று சுழன்று திரும்பி வருகிறது. அதில் புகை இருந்தால் புகையும் சேர்ந்து வரும். பின்கதவைத் திறந்துவைத்து ஓடும் வேன்களுக்குள் புகை நுழைவதும் இதனால்தான். புகையை நாம் வெளியே விட்டுவிட்டோம் என்று நினைக்கிறோம். அது போகும் வழியைத் தீர்மானிப்பது காற்று.

கடைசியில் குழாயைக் காரின் அடியால் பின்னுக்குக் கொண்டுபோய், அங்கே குறுக்காக ஒரு சைலன்சர் பெட்டியை வைத்தார். வாயை வலப்பக்க மூலையில், நடைபாதைக்கு மறுபக்கமாக முடித்தார். அது பின்தகட்டோடு நின்றுவிடாமல் சற்று வெளியே நீண்டு, கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தது. தகட்டுக்கு உள்ளே முடிந்தால் புகை அடியில் தேங்கி மேலே ஏறும். ஆசனத்துக்குப் பின்னாலுள்ள தகட்டில் வயர் போகும் ஒவ்வொரு துளையையும் றப்பர் வைத்து அடைத்தார். காபன் மொனொக்சைட்டை வேறு வாயுவாக மாற்றும் கற்றலிற்றிக் கொன்வேட்டரையும் பூட்டினார். கடைசியில் பூட்டலாம் என்று விட்டுவைத்திருந்த பாகம் அது. ஆனால் அது சூடான பிறகுதான் வேலை செய்யும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் முதல் சில நிமிடங்களில் நச்சுப் புகை அதிகம் என்பதையும் சொல்லிவைத்தார். பாரம் சில கிலோ கூடியது. அந்த முழக்கமும் அடங்கிப்போனது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வீட்டில் செய்த காரை அங்கே நினைத்தபடி பாதையில் இறக்க முடியாது. 2009இலிருந்து ஒவ்வொரு காரையும் தனித்தனியாகச் சோதித்து அனுமதி கொடுக்கும் முறை இருக்கிறது. சைலன்சர் வாயிலிருந்து அரை மீற்றர் தூரத்தில், 45 பாகைச் சரிவில் ஒலிவாங்கியை வைத்துச் சத்தத்தை அளக்கிறார்கள். 99 டெசிபலைத் தாண்டக்கூடாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களின் விளிம்பு ஆளைக் கிழிக்கும் விதத்தில் கூராக இருக்கக்கூடாது. நான் ஊர் திரும்பிச் சில மாதங்களின் பின் மருமகன் ரெலிபோன் எடுத்தார். முதல் தடவை வேறொரு சிறு குறையால் கார் தவறியது, இரண்டாம் தடவை தேறிவிட்டது என்றார். முதல் சவாரி யாருக்கு என்று கேட்டேன். "உம்மாவுக்குத்தான்" என்றார்.

ஊருக்கு வந்த பிறகு, மாணவப் பருவத்தில் கேள்விப்பட்ட ஒரு நூல் நினைவுக்கு வந்தது. துனிஸ் நகரத்தில் இப்னுர் ராமி என்ற கட்டடக் கலைஞர் 14ஆம் நூற்றாண்டில் கட்டடச் சட்டங்களைப் பற்றி எழுதியது. அயலவருக்குத் தொல்லை தரும் புகையைப் பற்றியும் அதில் பேசப்படுகிறது. அடுப்பு உன்னுடையதாக இருக்கலாம், அதன் புகை யாரைச் சேருகிறது என்பதற்கும் நீ பொறுப்பாளி என்ற கருத்து நம் மார்க்க அறிஞர்களுக்கு அவ்வளவு பழையது. படித்தபோது அது எனக்கு வெறும் சட்டப் பிரச்சினை. இப்போது அந்த அத்தியாயத்தை நினைத்தாலே குசினித் தரையில் சுருண்டு கிடந்த பிள்ளையின் முகம் தெரிகிறது.

சகோதரிகளே! உங்கள் வீட்டில் யாரும் கார் செய்யப் போவதில்லை. ஆனால் சைலன்சர் வாய் இல்லாத வீடு குறைவு. போர்ட்டிகோவில் நின்றபடியே எஞ்சினைச் சூடாக்கும் வேனுக்கு ஒரு வாய் இருக்கிறது. அதற்கு நேரே இருப்பது பிள்ளைகள் படுக்கும் அறையின் யன்னலா என்று பாருங்கள். ஓட்டை விழுந்த சைலன்சரோடு ஓடும் வேனில் பிள்ளைகளைப் பின் ஆசனத்தில் தூங்கவைத்துத் தூரப் பயணம் போகிறோம். சத்தம் மாறினாலோ உள்ளே வாடை வந்தாலோ, அடுத்த மாதம் பார்ப்போம் என்று விடாமல் உடனே கராஜுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நிறுத்திய வாகனத்தில் கண்ணாடிகளை மூடி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டுத் தூங்க வேண்டாம். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலத்தில் எத்தனையோ பேர் ஜெனரேட்டர் வாங்கினார்கள். மழைக்குப் பயந்து அதைப் பின் விறாந்தையிலோ களஞ்சிய அறையிலோ வைத்து இயக்கியவர்களை நான் அறிவேன். அதன் புகையும் இதே புகைதான். வீட்டுக்கு வெளியே, கதவு யன்னல்களுக்கு எட்டத்தான் அதன் இடம்.

ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடித்தால், வெளியே போனதும் அது குறைந்தால், அதைத் தற்செயல் என்று விடாதீர்கள். எஞ்சினை நிறுத்தி, கதவுகளைத் திறந்து, எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு, பிறகு காரணம் தேடுங்கள். மயக்கமோ வாந்தியோ இருந்தால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், புகைக்குள் இருந்தோம் என்ற விடயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. இதை வாசிக்கும் சகோதரி இந்தப் பக்கத்தை உங்களிடம் நீட்டினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். புகை வருகிறது என்று ராத்தா சொன்னபோதே நாங்கள் காது கொடுத்திருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்திருக்காது.

இப்போதெல்லாம் என் மனைவி தலையிடி என்று சொன்னால் நான் உபதேசம் செய்வதில்லை. முதலில் எழுந்து போய் யன்னலைத் திறக்கிறேன். பிறகுதான் என்ன, எங்கே, எப்போதிருந்து என்று கேட்கிறேன். "லண்டனுக்குப் போய் இதையாவது படிச்சிட்டு வந்தீங்களே" என்று அவர் சிரிக்கிறார். லண்டன் அல்ல, லெஸ்டர் என்று திருத்தப் போய், வேண்டாமென்று விட்டுவிடுகிறேன்.